கீழ்த்தட்டின் குளிர்

ஓய்வுபெற்றுக் குன்னூருக்குத் திரும்பிய நாளிலிருந்து என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி, மலைக்குளிரில் வாழ்பவர்களுக்கு ஆயுள் கூடுமா என்பதுதான். மார்க்கெட்டில் கேரட் நிறுத்துக்கொண்டே கேட்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்தபடி கேட்கிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் முதுமையின் உயிரியலை ஆராய்ந்தவள் என்று தெரிந்ததும், முதலில் இதையும் அடுத்ததாக என்ன சாப்பிட வேண்டும் என்பதையும் கேட்பது ஏறக்குறைய சம்பிரதாயமாகிவிட்டது. இரண்டாவது கேள்விக்கு என்னிடம் இருப்பது யாருக்கும் ருசிக்காத பதில். முதல் கேள்வியை என்னால் அவ்வளவு எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை, ஏனென்றால் என் ஆராய்ச்சி வாழ்வில் நான் செய்த மிகப் பெரிய தவறு குளிரைப் பற்றியது. அதை எழுதி வைத்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதத் தொடங்கியபோது அதற்கு முன்னும் பின்னும் இருந்தவை எல்லாம் சேர்ந்து வந்துவிட்டன.

என் அப்பா குன்னூருக்குக் கீழே ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் டீமேக்கராக இருந்தார். தேயிலையைப் பறிக்காமல் விட்டுவிட்டால் அது மரமாக வளர்ந்துவிடும் என்பதும், நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை கவாத்துச் செய்வதால்தான் அது இடுப்பளவுச் செடியாக நிற்கிறது என்பதும் தோட்டத்தில் வளரும் குழந்தைகளுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லாத செய்திகள். வெள்ளைக்காரர் காலத்தில் நட்ட செடிகள் அந்தச் சரிவில் இன்னும் கொழுந்து தந்துகொண்டிருந்தன. கவாத்து முடிந்து வெறும் குச்சிகளாக நின்ற ஒரு செடியைக் காட்டி, இதற்கு என்ன வயது என்று நான் கேட்டபோது, "வேருக்கு நூறு வயசும்மா, கொழுந்துக்குப் பத்து நாள்" என்றார் அப்பா. ஓர் உயிருக்கு இரண்டு வயது இருக்க முடியும் என்பதை நான் முதன்முதலில் கேட்டது அன்றுதான். தாவரங்களின் நுனியில் எப்போதும் பிரிந்துகொண்டே இருக்கும் செல்கள் இருப்பதால் அவற்றால் அப்படி வாழ முடிகிறது என்பதைப் பின்னாளில் படித்துத் தெரிந்துகொண்டேன். நான் ஆயுள் முழுவதும் ஆராய்ந்த புழுவுக்கு அந்த வசதி இல்லை. வளர்ந்த பிறகு அதன் உடலில் 959 செல்கள் இருக்கும். இனப்பெருக்கத்துக்கான செல்களைத் தவிர வேறெதுவும் புதிதாகப் பிறக்காது. அதற்குக் கவாத்து கிடையாது.

குன்னூரில் வளர்ந்தவர்களுக்குச் சிம்ஸ் பூங்காவின் எதிரே இருக்கும் பாஸ்டர் நிறுவனம் தெரியாமல் இருக்காது. 1907இல் தொடங்கியது, வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி தயாரித்த இடம் என்ற அளவில்தான் பள்ளி நாட்களில் எங்களுக்கு அதைத் தெரியும். அதே வளாகத்தில் ராபர்ட் மெக்காரிசன் என்ற மருத்துவர் 1918 முதல் ஊட்டக் குறைபாட்டு நோய்களை ஆராய்ந்தார் என்பதும், அவருடைய சிறிய ஆய்வுக்கூடம் வளர்ந்து 1958இல் ஹைதராபாத்துக்கு இடம்பெயர்ந்து இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக மாறியது என்பதும் எனக்குத் தெரிய வந்தபோது நான் முனைவர் பட்டம் முடிக்கும் தறுவாயில் இருந்தேன். இந்தியாவின் வெவ்வேறு பகுதி மக்கள் உண்ணும் உணவை வெள்ளெலிகளுக்குக் கொடுத்து அவை எப்படி வளர்கின்றன என்று அவர் பார்த்தார். முழுக்கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, பச்சைக் காய்கறி என்று பஞ்சாபியர் உண்ணும் உணவைத் தின்ற எலிகள் நன்றாகத் தேறின. தீட்டிய அரிசியை நம்பியிருந்த நம் பக்கத்து உணவைத் தின்றவை கடைசி வரிசையில் நின்றன. வெள்ளை ரொட்டி, செயற்கை வெண்ணெய், சர்க்கரை போட்ட டீ, டின்னில் அடைத்த இறைச்சி என்று ஏழை ஆங்கிலேயர் உணவைத் தின்ற எலிகள் ஒன்றையொன்று கடித்துத் தின்னும் நிலைக்குப் போயின. இதை அப்பாவிடம் சொன்னபோது, டீயைப் பழி சொல்லாதே, அது சர்க்கரையின் வேலை என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

மெக்காரிசனின் எலிகளைப் பற்றி ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், பின்னால் அது தேவைப்படும். நல்ல உணவு தின்ற தம் எலிகளில் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக நோயே இல்லை, இயற்கையான சாவும் இல்லை என்று அவர் பெருமையோடு எழுதினார். ஆனால் அவற்றில் மூத்தவையே இரண்டு ஆண்டுக்குச் சற்று மேற்பட்டவை. மனிதக் கணக்கில் ஐம்பதைக் கொஞ்சம் தாண்டிய வயது. அவை அதற்கு மேல் எத்தனை நாள் வாழ்ந்திருக்கும் என்பதை அவர் பார்க்கவில்லை. அதே காலத்தில், 1935இல், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, சத்துகளைக் குறைக்காமல் உணவின் அளவை மட்டும் வெகுவாகக் குறைத்து வளர்த்த எலிகள் மற்றவற்றைவிட நெடுநாள் வாழ்வதைக் காட்டினார். ஒருவர் உடல்நலத்தை அளந்தார், இன்னொருவர் ஆயுளை அளந்தார். இரண்டும் ஒன்றையே அளப்பதாக நானும் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

படிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊட்டியில் பி.எஸ்சி., மதுரையில் எம்.எஸ்சி., பிறகு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் எலியின் ஈரலில் உள்ள நொதிகள் வயதாக ஆக எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றி முனைவர் பட்டம். அந்த நாட்களில் முதுமையை உயிர்வேதியியல் கண்ணோடு பார்க்க விரும்பிய இந்திய மாணவர் யாராக இருந்தாலும், காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் இருந்த எம்.எஸ்.கனுங்கோவின் கட்டுரைகளிலிருந்துதான் தொடங்குவார். வயதாவது என்பது உடல் தேய்வது மட்டுமன்று, மரபணுக்கள் வெளிப்படும் முறையே மாறுவது என்று அவர் 1970களில் சொல்லிக்கொண்டிருந்தார். எலியோடு எனக்கிருந்த சிக்கல் எளிமையானது. அது மூன்று ஆண்டு வாழும். என் உதவித்தொகை ஐந்து ஆண்டுதான். ஒரு சோதனை தவறினால் மறுபடி செய்து பார்க்கக் காலம் இருக்காது. அதனால்தான் 1990இல் வெளிநாட்டில் ஓர் ஆய்வுக்கூடத்தில் இடம் கிடைத்தபோது, எலியை விட்டுப் புழுவுக்கு மாறினேன். அம்மாவுக்கு இது இன்றுவரை பிடிக்கவில்லை. எலி என்றாலாவது நாலு பேரிடம் சொல்லலாம் என்பது அவருடைய கட்சி.

சீனோராப்டைடிஸ் எலிகன்ஸ் என்பது மண்ணிலும் அழுகும் பழங்களிலும் வாழும், ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள உருளைப்புழு. அதை மரபணு ஆராய்ச்சிக்கெனத் தேர்ந்தெடுத்து 1974இல் அதன் மரபியலை விரிவாக எழுதியவர் சிட்னி பிரென்னர். பெட்ரி தட்டில் அகார் ஊற்றி, அதன்மேல் ஈ.கோலை பாக்டீரியாவைத் தடவிவிட்டால் அதுவே வீடும் சோறும். இருபது டிகிரியில் மூன்று நாளில் முட்டையிலிருந்து பெரிய புழுவாகிவிடும். மூன்று வாரம் அளவில் செத்துவிடும். கடைசி வாரத்தில் அதை நுண்ணோக்கியில் பார்ப்பவர் யாரும் அது கிழடாகிவிட்டது என்பதைச் சொல்லிக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. தோல் சுருங்கும், தசை நார்கள் கலையும், நகர்வது குறையும், கடைசியில் தலை மட்டும் லேசாக ஆடும்.

நான் அங்கே போய்ச் சேர்ந்தபோது, தனி ஒரு மரபணு ஓர் உயிரின் ஆயுளை மாற்ற முடியும் என்பதைப் பலர் நம்பவில்லை. மைக்கேல் கிளாஸ் 1983இல் நெடுநாள் வாழும் சில புழு வகைகளைக் கண்டெடுத்திருந்தார். 1988இல் டேவிட் ஃப்ரீட்மனும் தாமஸ் ஜான்சனும் அவற்றுக்குக் காரணமான ஒரு மரபணுவை அடையாளம் கண்டு ஏஜ்-1 என்று பெயரிட்டனர். அதைக் கேட்டுத் தலையாட்டியவர்களைவிடச் சிரித்தவர்கள் அதிகம். 1993 டிசம்பரில் சிந்தியா கென்யன் குழுவின் கட்டுரை வந்தது. டாஃப்-2 என்ற மரபணு பழுதான புழுக்கள் இரண்டு மடங்கு வாழ்கின்றன, டாஃப்-16 என்ற இன்னொரு மரபணு இல்லாமல் போனால் அந்த நீட்சியும் இல்லாமல் போகிறது என்றது அது. எங்கள் கூடத்தில் அன்று மதியம் யாரும் வேலை செய்யவில்லை. ஆயுள் என்பது தேய்மானத்தின் மிச்சமாக இருந்தால், ஒரு பழுதால் அது நீளக் கூடாது. அந்த நீட்சியை இன்னொரு மரபணுவை நீக்கி அணைக்கவும் முடியக் கூடாது. நான்கு ஆண்டு கழித்து, டாஃப்-2 நம் உடலில் உள்ள இன்சுலின் ஏற்பிக்கு உறவான ஒன்று என்று கேரி ருவ்கன் குழு காட்டியபோது, புழுக்காரர்களைப் பார்த்துச் சிரிப்பது அநேகமாக நின்றுபோனது.

இந்தத் துறையைப் பற்றி எழுதுபவர்கள் எல்லாரும் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்வதால், வேலை உண்மையில் எப்படி இருக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. அது சாவை எண்ணும் வேலை. ஒரே நாளில் வயதுக்கு வந்த நூறு புழுக்களைத் தட்டுகளில் பிரித்துவைப்போம். ஒவ்வொரு புழுவும் முந்நூறு வரை குஞ்சு போடும் என்பதால், முட்டையிடும் நாட்களில் தாய்ப் புழுக்களைத் தினமும் புதிய தட்டுக்கு மாற்ற வேண்டும். இல்லாவிட்டால் யார் தாய், யார் மகள் என்று தெரியாமல் போய்விடும். பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள், ஞாயிறு, தீபாவளி பாராமல், ஒவ்வொன்றையும் பிளாட்டினக் கம்பியால் மெல்லத் தொட்டுப் பார்ப்போம். தொட்டால் நகர்ந்தால் உயிர். நகராவிட்டால் தலையருகே மறுபடி தொடுவோம். தலைநுனி அசைந்தாலும் உயிர்தான். மூன்று முறை தொட்டும் அசையாததைத்தான் செத்ததாகக் குறிப்போம். தட்டின் சுவரில் ஏறிக் காய்ந்துபோனவை, வயிற்றுக்குள்ளேயே முட்டை பொரிந்து தாயைத் தின்றுவிட்டவை எல்லாம் மூப்பால் செத்தவை ஆகா. அவை காணாமற்போனவை என்று தனியே எழுதப்படும். எந்தத் தட்டில் எந்த வகை இருக்கிறது என்பது எண்ணுபவருக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால், தனக்குப் பிடித்த வகையின் தலை லேசாக அசைவதாகத் தோன்றும். இது பொய் சொல்வதாகாது. கண் அப்படித்தான் பார்க்கும்.

1996இல் நாடு திரும்பி, பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் எனக்கென்று ஓர் அறையும், வெப்பத்தை ஒரே அளவில் வைத்திருக்கும் இன்குபேட்டர் பெட்டிகள் இரண்டும் கிடைத்தன. மூன்றாம் ஆண்டில், மாணவர் ஒருவர் பிரித்தெடுத்த ஒரு புழு வகை, மற்றவற்றைவிட ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதிகம் வாழ்ந்தது. திரும்பச் செய்தோம், மறுபடியும் வாழ்ந்தது. தட்டுகளுக்குச் சங்கேத எழுத்துப் போட்டு எண்ணினோம், அப்போதும் வாழ்ந்தது. பழுதான மரபணு எது என்று தேடி, குரோமோசோமின் ஒரு முனைவரை வந்துவிட்டோம். ஒரு மாநாட்டில் சுவரொட்டி வைத்துப் பாராட்டும் வாங்கினோம். பதினான்கு மாதம் இப்படிப் போன பின், வேறொரு காரணத்துக்காக, இன்குபேட்டருக்குள் பெட்ரி தட்டுகளை அடுக்கும் ஒவ்வொரு அலமாரித் தட்டிலும் ஒரு குவளைத் தண்ணீரும் அதில் ஒரு வெப்பமானியுமாக ஓர் இரவு வைத்துவிட்டுப் போனேன். காலையில் பார்த்தபோது மேல்தட்டில் இருபது டிகிரி இருந்தது, கீழ்த்தட்டில் பதினெட்டரை. வெப்பத்தைக் காட்டும் கருவி மேலே, விசிறியின் அருகே பொருத்தப்பட்டிருந்தது. சாதாரணப் புழுக்களை முதலில் எடுத்து வைப்பது எங்கள் பழக்கம் என்பதால் அவை எப்போதும் மேலே போயின. புதிய வகை மீதமிருந்த கீழ்த்தட்டுக்குப் போனது. சங்கேத எழுத்தெல்லாம் எண்ணும் மேசைக்குத்தான். அடுக்கும் கைக்கு எது எது என்று தெரிந்திருந்தது.

இடம் மாற்றி வைத்துச் செய்தபோது அந்த நீட்சி அப்படியே மறைந்துவிட்டது. நாங்கள் பதினான்கு மாதம் துரத்தியது ஒன்றரை டிகிரிக் குளிரை. மாணவர் அழவில்லை, நான்தான் வீட்டுக்கு வந்து அழுதேன். அதற்குப் பிறகு என் கூடத்தில் யார் சேர்ந்தாலும் முதல் வேலை, இன்குபேட்டரின் எல்லா அலமாரித் தட்டுகளிலும் ஒரு வாரம் வெப்பம் அளந்து வரைபடம் போடுவது. புதிதாக வந்தவர்களுக்கு இது ஏதோ சடங்கு போலத் தோன்றும். பல ஆண்டுகள் கழித்து, அமெரிக்காவில் மூன்று ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து ஒரே புழுவை, ஒரே முறையில், ஒரே மருந்தைக் கொடுத்து வளர்த்துப் பார்த்தும், வயதை முட்டையிட்ட நேரத்திலிருந்து எண்ணுவதா பொரிந்த நேரத்திலிருந்து எண்ணுவதா என்பதிலேயே கூடத்துக்குக் கூடம் பழக்கம் வேறுபட்டிருந்ததை 2017இல் எழுதினார்கள். அதைப் படித்தபோது, சற்றே வெட்கத்தோடு, நிம்மதியாகவும் இருந்தது.

ஆனால் என் உண்மையான தவறு அடுக்கிய முறையில் இல்லை. குளிரில் ஆயுள் நீளும் என்பது பழைய செய்தி. ஜாக் லோப், ஜான் நார்த்ராப் இருவரும் 1917இலேயே பழ ஈக்களில் அதைக் காட்டிவிட்டனர். ரேமண்ட் பேர்ல் 1928இல் அதை ஒரு கொள்கையாகவே ஆக்கினார். ஒவ்வோர் உயிரும் விளக்கைப் போல, எண்ணெய் அளவானது, திரியைச் சிறிதாக்கினால் நெடுநேரம் எரியும் என்ற பார்வை அது. எல்லாருக்கும் விளங்கும் விளக்கம் என்பதால் அதை யாரும் கிளறிப் பார்க்கவில்லை. நானும் அதை நம்பித்தான், குளிர் என் சோதனையைக் கெடுக்கும் ஒரு தொல்லை என்று கருதி, தொல்லையை ஒழிப்பதிலேயே சாமர்த்தியத்தைச் செலவழித்தேன். 2013இல் ஷான் ஷூ என்பவரின் குழு மிச்சிகனிலிருந்து வேறொரு செய்தி சொன்னது. புழுவின் உடலில் குளிரை உணரும் ஒரு புரதம் இருக்கிறது, டிஆர்பிஏ-1 என்று பெயர். அதை நீக்கிவிட்டால் அதே குளிரில் அந்தப் புழு முன்னளவு நீண்ட நாள் வாழ்வதில்லை. அப்படியென்றால் குளிர் வெறுமனே எண்ணெயை மிச்சம் பிடிக்கவில்லை. உடல் குளிரைக் கேட்டு, அதற்கு ஏற்பத் தன் மரபணுக்களை இயக்கித்தான் ஆயுளை நீட்டுகிறது. என் கீழ்த்தட்டில் பதினான்கு மாதம் நடந்ததும் அதுதான். அந்தத் தரவு முழுவதும் என்னிடம் இருந்தது. கேள்விதான் இல்லை.

அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் என்னை ஆட்டிவைத்தது இன்னொரு கேள்வி. குளிரில் வளர்ந்த புழு மெதுவாக மூப்படைகிறதா, மெதுவாக வாழ்கிறதா? இரண்டும் ஒன்றே என்று தோன்றும். பசியிலும் நெருக்கடியிலும் எலிகன்ஸ் குஞ்சுகள் டாவர் என்ற ஒரு நிலைக்குப் போகும். வாயை மூடிக்கொண்டு, தடித்த தோலோடு, உண்ணாமல் மாதக்கணக்கில் கிடக்கும். இரண்டு மாதம் அப்படிக் கிடந்த குஞ்சுக்கு உணவு கொடுத்தால் அது எழுந்து, பெரிதாகி, அதன்பின் வழக்கமான மூன்று வாரம் வாழ்ந்துவிட்டுப் போகும் என்று 1976லேயே தெரிந்துவிட்டது. கிடந்த நாட்கள் கணக்கில் சேர்வதில்லை. 1997இல் கிளிசரின் கலந்து நான் உறைய வைத்த ஒரு குழாயை 2019இல் ஒரு மாணவி எடுத்து உருக்கினாள். குஞ்சுகள் நெளிந்துகொண்டு வெளியே வந்தன. அவளைவிடச் சில மாதங்களே இளைய புழுக்கள். அவற்றை யாரும் இருபத்திரண்டு வயதுப் புழுக்கள் என்று சொல்ல மாட்டார்கள். டாஃப்-2 புழுக்களிலும் இந்தக் கூறு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: அவற்றின் முட்டைகளை இருபத்தைந்து டிகிரியில் வைத்தால் எல்லாம் டாவராகிவிடும் என்பதால், குளிரில் வளர்த்தெடுத்த பிறகுதான் அவற்றின் ஆயுளை எண்ணவே முடியும்.

2015இல் ஹெய்டி டிசென்பாம் குழு, நெடுநாள் வாழும் இந்த வகைகள் கூடுதலாகப் பெற்ற நாட்களில் பெரும்பகுதியை நடமாட்டம் குறைந்த நிலையிலேயே கழிக்கின்றன என்று எழுதியது. அதே ஆண்டில் இன்னொரு குழு, டாஃப்-2 புழு உணவின் மேல் சோம்பிக் கிடப்பது இயலாமையால் இல்லை, அதன் இயல்பே அப்படி; அது ஓடக்கூடிய உச்ச வேகத்தை அளந்தால் அது வயதான பின்னும் நன்றாகவே ஓடுகிறது என்று பதில் சொன்னது. நான் இரண்டாவது பக்கம் சாய்கிறேன், முழுவதுமாக இல்லை. அடுத்த ஆண்டு நிக்கோலஸ் ஸ்ட்ரௌஸ்ட்ரப், வால்டர் ஃபாண்டானா குழு ஆயிரக்கணக்கான புழுக்களின் சாவைப் பதிவுசெய்து ஒன்றைக் காட்டியது: வெப்பத்தை மாற்றினாலும், உணவை மாற்றினாலும், பல மரபணுக்களை மாற்றினாலும், எந்த நாளில் எத்தனை புழு மிஞ்சியிருக்கிறது என்று காட்டும் சாவின் வளைகோடு ரப்பர் போல நீளவோ சுருங்கவோ செய்கிறதே தவிர, அதன் வடிவம் பெரும்பாலும் மாறுவதில்லை. இளமை நீள்வது போலவே கிழத்தனமும் அதே விகிதத்தில் நீள்கிறது. இது எனக்கு மெக்காரிசனை நினைவூட்டியது. ஒரு கூட்டத்தின் நலத்தை ஐம்பது வயதுவரை பார்த்து நிறுத்தியவரும், சாவை மட்டும் எண்ணிய என்னைப் போன்றவர்களும், ஒரே வளைகோட்டின் இரண்டு துண்டுகளைத்தான் கையில் வைத்திருந்தோம்.

மாத்திரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சிவப்பு ஒயினில் இருக்கும் ஒரு பொருள் ஆயுளை நீட்டும் என்று உலகமே பேசிய சில ஆண்டுகள் உண்டு. அந்தப் பேச்சில் கொட்டிய பணத்துக்கு ஏற்ற பயன் கிடைக்கவில்லை. நம்பகமான ஒன்று ராபமைசின். ஈஸ்டர் தீவிலிருந்து 1964இல் கொண்டுவந்த மண்ணில் வாழ்ந்த பாக்டீரியாவிலிருந்து அதைப் பிரித்தெடுத்த குழுவை நடத்தியவர் சுரேந்திர சேகல் என்ற இந்தியர். மாண்ட்ரியலில் இருந்த ஆய்வுக்கூடத்தை நிறுவனம் மூடியபோது, அவர் அந்த நுண்ணுயிரை வீட்டுக்கு எடுத்துச் சென்று, குடும்பத்தின் உறைபெட்டியில் வைத்துக் காப்பாற்றினார். (குளிர் இங்கேயும் வருகிறது.) 2009இல் அந்த மருந்தை, மனிதரில் அறுபது வயதுக்கு ஒப்பான 600 நாள் வயதுச் சுண்டெலிகளுக்குக் கொடுத்தபோதும், மூன்று ஆய்வுக்கூடங்களில் தனித்தனியே ஆயுள் நீண்டது. ஆயினும் அது நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து, சிறுநீரக மாற்று சிகிச்சை பெற்றவர்களுக்குத் தருவது. ஆயுளுக்காக அதை விழுங்கலாமா என்று கேட்டு எனக்கு வரும் கடிதங்களுக்கு, வேண்டாம் என்பதைத் தவிர வேறு பதில் எழுதியதில்லை.

2018இல் குறிஞ்சி பூத்தபோது கோடைக்கானலுக்குப் போயிருந்தேன். பன்னிரண்டு ஆண்டு வளர்ந்து, ஒரே முறை பூத்து, விதை விழுந்ததும் செத்துப்போகிற செடி. உடன் வந்த உறவினர் ஒருவர், இதைப் போல நமக்கும் சாவு நாள் உள்ளே எழுதியிருக்கிறதா என்று கேட்டார். அப்படி எழுதப்படவில்லை என்பதுதான் பீட்டர் மெடவர் 1950களின் தொடக்கத்தில் சொன்ன கருத்தின் சாரம். காட்டில் பெரும்பாலான உயிர்கள் கிழடாகும் முன்பே இரையாகியோ பட்டினியாலோ செத்துவிடுகின்றன. அதனால் முதுமையில் மட்டும் கெடுதல் செய்யும் மரபணுக்களை இயற்கைத் தேர்வு களைவதில்லை, அவை சந்ததி சந்ததியாகச் சேர்ந்துவிடுகின்றன. 1957இல் ஜார்ஜ் வில்லியம்ஸ் ஒரு படி மேலே போய், இளமையில் நன்மை செய்கிற மரபணுவே முதுமையில் கெடுதல் செய்தாலும் அது நிலைத்துவிடும் என்றார். குறிஞ்சியின் சாவு ஒரு திட்டம். நம்முடைய முதுமை கவனிப்பாரற்றுக் கிடந்ததன் விளைவு. அதனால்தான் அதில் கைவைக்க இடம் இருக்கிறது என்று நான் நம்புகிறேன், அதனாலேயே ஒரே திருகில் சரிசெய்யவும் முடியாது என்றும் நினைக்கிறேன். உறவினருக்கு இந்தப் பதில் போதவில்லை. அவர் எழுதியிருக்கிறது என்பதையே விரும்பினார்.

சரி, மலைக்குளிர். புழுவின் உடல் வெப்பம் தட்டின் வெப்பம்; நம் உடலோ ஊட்டியிலும் திருச்சியிலும் முப்பத்தேழு டிகிரிதான். வெளிக்குளிர் நம் உள்ளே போவதில்லை. உள்வெப்பத்தையே குறைத்துப் பார்த்தவர்கள் உண்டு: 2006இல் புரூனோ காண்ட்டி குழு, மூளையின் வெப்பமானியை ஏமாற்றும் வகையில் மரபணு மாற்றிய சுண்டெலிகளில், உடல் அரை டிகிரிக்கும் குறைவாகவே குளிர்ந்தது, பெண் எலிகள் இருபது விழுக்காடு அளவும் ஆண் எலிகள் பன்னிரண்டு விழுக்காடு அளவும் கூடுதலாக வாழ்ந்தன. அது ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு நின்றால் நடக்கிற காரியம் இல்லை. வயதானவர்களுக்குக் குளிர் கெடுதல்தான் செய்கிறது. இரத்தக் குழாய்கள் சுருங்கி இரத்த அழுத்தம் ஏறுகிறது; நடுங்கி வெப்பம் உண்டாக்கும் திறன் குறைந்திருக்கிறது; குளிர்கிறது என்ற உணர்வே மந்தமாகிவிடுகிறது. எண்பத்தெட்டு வயதாகும் என் அம்மா, மார்கழி விடியலில் வாசலில் கோலம் போட்டுவிட்டு வெறும் நூல்சேலையோடு உட்கார்ந்திருப்பார். கையைத் தொட்டால் பனிக்கட்டியாக இருக்கும். "எனக்கு ஒண்ணும் குளிரலடி" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அதுதான் ஆபத்து.

அம்மா வாசலிலிருந்து சமையலறைக்கு நடக்க எவ்வளவு நேரமாகிறது என்பதை நான் சில மாதங்களாகக் கவனித்துவருகிறேன். முதியோர் மருத்துவத்தில் நடையின் வேகம் என்பது மிக மலிவான, மிக உண்மையான அளவுகோல்களில் ஒன்று. கடிகாரமும் நான்கு மீட்டர் தரையும் போதும். அவருக்குத் தெரியாமல் அளக்கத்தான் முயன்றேன். மூன்றாம் நாளே கண்டுபிடித்து, "என்னையும் தட்டுல வச்சுட்டியா" என்றார். அன்றைக்கு வழக்கத்தைவிட வேகமாக நடந்தார். அளப்பது தெரிந்தால் அளவு மாறும் என்பதை அவரிடமிருந்தும் ஒருமுறை கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

இப்போதெல்லாம் கம்பியால் தொட்டுப் பார்ப்பது குறைந்துவிட்டது. காகிதங்களை நகலெடுக்கும் ஸ்கேனரின் கண்ணாடிமேல் தட்டுகளை அடுக்கிவிட்டால், அது இரவும் பகலும் படமெடுத்து, எந்தப் புழு எந்த நேரத்தில் அசைவதை நிறுத்தியது என்று தானே குறித்துவிடுகிறது. ஸ்ட்ரௌஸ்ட்ரப் குழுதான் 2013இல் இதையும் செய்துகாட்டியது. என் பழைய கூடத்தில் இப்போது அப்படி நான்கு ஸ்கேனர்கள் இருக்கின்றன. இயந்திரம் சொன்னது சரிதானா என்று பார்க்க, மாதம் ஒருமுறை சில தட்டுகளின் படத்தொடரை எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன். எந்த வகை என்று சொல்லக் கூடாது என்பது நிபந்தனை. போன வாரம் வந்த தொடரில் ஒரு புழுவை இயந்திரம் பத்தொன்பதாம் நாள் காலை செத்ததாகக் குறித்திருந்தது. அதற்கு அடுத்த இருபது படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பிறகு மாணவிக்கு எழுதினேன்: இடது ஓரம், மேலிருந்து ஏழாவது. தலைநுனி அன்று மாலை வரை அசைகிறது. அந்த ஸ்கேனரின் கண்ணாடி வெப்பத்தை நான்கு மூலையிலும் அளந்து அனுப்பு.